பல் எடுத்த அப்பாவுக்குச் சீஸ் முட்டை: மூவாயிரம் ரூபாய் போன கதை

வீட்டில் வயசான ஒருவருக்குப் பல் மொத்தத்தையும் எடுக்கப் போகிறார்கள் என்றால் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். எந்த டாக்டர், எந்த வகைப் பல்செட், தவணையில் கட்டலாமா என்றெல்லாம் பேச ஆள் உண்டு. மறுநாள் காலையிலிருந்து அந்த மனிதருக்கு என்ன சாப்பாடு கொடுப்பது என்று ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் முக்கால்வாசி முட்டையும் சீஸும்தான் இருக்கும். பல் வைத்தியம் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் மன்னிக்கவும்.

நாங்கள் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறோம். அப்பா விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் மனைவிக்கு ராமநாதபுரம் பக்கம் உத்தியோகம், சனிக்கிழமை வந்து ஞாயிறு ராத்திரி போய்விடுவாள். தம்பி ஓசூரில். ஆகவே அடுப்படியில் நான் ஒருவன்தான். பாளையங்கோட்டையில் வைத்து அப்பாவுக்கு மிச்சமிருந்த பற்களை எடுத்தார்கள். அன்றைக்குச் சூடாக எதுவும் கூடாது, அப்புறமும் சில நாளைக்கு வெதுவெதுப்புக்கு மேல் வேண்டாம், காரம் வேண்டாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக் குடிக்கவே கூடாது என்றார் டாக்டர். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடியிருக்கும், உறிஞ்சினால் அது பெயர்ந்துவிடும், அப்புறம் வலி தாங்காது என்று விளக்கினார். ஈறு ஆறிப் பல்செட் வைக்க ரெண்டு மூணு மாதம் ஆகும், அதுவரை மெல்லாமல் விழுங்குகிற மாதிரி கொடுங்கள், புரதம் குறையக் கூடாது, முட்டை நல்லது என்று சொல்லி அனுப்பினார். முட்டை நல்லது என்பது ஒரு நொடியில் சொல்லிவிடக்கூடிய வாக்கியம்.

முதல் வாரம் கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, உளுந்தங்களி என்று ஓடியது. அதற்குமேல் அப்பாவுக்கு அலுத்துவிட்டது. வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட ஆரம்பித்தார். சரி, முட்டைக்குப் போவோம் என்று எப்போதும் போலச் சீனிச்சட்டியில் (வாணலிதான்) எண்ணெய் ஊற்றி, பொடியாக நறுக்கிய உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், வதக்கி, முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினேன். நம் வீட்டு முட்டைப் பொரியல் உதிரி உதிரியாக, ஓரம் லேசாகச் சிவந்து இருக்க வேண்டும். பல் உள்ளவனுக்கு அதுதான் ருசி. பல் இல்லாதவருக்கு அந்தச் சிவந்த ஓரம் ஒவ்வொன்றும் ஆறாத ஈற்றில் குத்துகிறது, உதிரி தொண்டைக்கும் ஈற்றுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறது. அப்பா ரெண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். மிக்ஸியில் அடித்துக் கொடுத்துப் பார்த்தேன். அதை எந்த மனிதனும் சாப்பிட மாட்டான், நானும் ஒரு கரண்டி வாயில் வைத்ததால் சொல்கிறேன்.

இந்த நேரத்தில்தான் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். வெளிநாட்டு ஓட்டல்களில் காலையில் வைக்கிற, குழைவாக, வெண்ணெயும் சீஸும் சேர்ந்த முட்டை. கரண்டியில் எடுத்தால் தளதளவென்று நிற்கிறது. மெல்லவே வேண்டாம், நாக்கால் அமுக்கினால் போதும். அப்பாவுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. அந்த வீடியோவில் உள்ளவர் அடியில் ஒட்டாத தடிமனான சட்டி வைத்திருந்தார், பிரெஷ் கிரீம் ஊற்றினார், பால் ஊற்றினார், கை நிறையச் சீஸ் தூவினார். நானும் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குப் பஸ் ஏறி 1,600 ரூபாய்க்கு ஒரு நான்ஸ்டிக் சட்டி, கிரீம், வெண்ணெய் எல்லாம் வாங்கி வந்தேன். அடுத்த நாள் காலை அவர் செய்தது போலவே செய்தேன். கிண்ணத்தில் வந்தது என்னவோ கெட்டியான முட்டைத் துண்டுகளும் அதைச் சுற்றி மஞ்சள் தண்ணீரும். அப்பா பார்த்துவிட்டு, “ஏல, முட்டைய எதுக்குல இந்தப் பாடு படுத்துத?” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. காலை ஐந்தரைக்கு எழுந்து செய்தவனுக்கு வேறு என்ன வரும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதும் இறுக ஆரம்பிக்கிறது. மஞ்சள் கரு 65-லிருந்து 70-க்குள். ரெண்டையும் அடித்துக் கலந்தால் 70-ஐ ஒட்டிக் கெட்டியாகிறது. 80-ஐத் தாண்டினால் புரத இழைகள் மேலும் மேலும் இறுகி, தாங்கள் பிடித்து வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். குழைவுக்கும் ரப்பருக்கும் நடுவில் இருப்பது வெறும் பத்துப் பன்னிரண்டு டிகிரி. நம் வீட்டுக் கேஸ் அடுப்பில் பெரிய பர்னரைச் சிம்மில் வைத்தாலும் சட்டியின் அடி அதைவிட எவ்வளவோ சூடாகிவிடும். வீடியோக்காரர் சட்டியை அடுப்பிலிருந்து தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதை நான் ஏதோ ஸ்டைல் என்று நினைத்திருந்தேன், அதுதான் சமையலே. பாலும் கிரீமும் ஊற்றினால் குழைவு வரும் என்பதும் பாதி உண்மைதான். கொஞ்சம் சேர்த்தால் முட்டை இறுகுவதைத் தள்ளிப்போடும். அளவு மீறினால், அதிகச் சூட்டில் பிழிபட்டு வெளியே வர இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தது மாதிரி ஆகிவிடும். 2 முட்டைக்கு 1 மேசைக்கரண்டி பால் தாராளம். கிரீம் தேவையே இல்லை. அந்தக் கிரீம் டப்பா ஃபிரிட்ஜில் இருந்தே புளித்துப் போனது.

சீஸ் விவகாரம்தான் பெரிய பாடு. எங்கள் ஊர்க் கடைகளில் ஸ்லைஸும் கட்டியும் கிடைக்கும். ஆனால் தினமும் வேண்டுமே என்று, உறைபொருள் விற்கும் ஒரு கடையில் பீட்சாவுக்குப் போடும் சீஸ் என்று ஒரு கிலோ கட்டியை மலிவாக வாங்கினேன். பேக்கரிக்காரர்கள் எல்லாம் இதைத்தான் எடுத்துப் போகிறார்கள் என்றார் கடைக்காரர். அது பொய்யும் இல்லை. துருவிப் போட்டால் முட்டையில் கரையாமல் துருவல் துருவலாகவே நின்றது. சூடு கூட்டினால் எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே மிதந்தது. கவரைத் திருப்பிப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தால், முதல் வரிசையில் தாவர எண்ணெய், ஸ்டார்ச். பால் கொழுப்புக்குப் பதில் வேறு கொழுப்பை வைத்துச் செய்த பொருள். இப்படிப்பட்டதைப் பால்பொருள் என்று விற்கக் கூடாது, அனலாக் என்று கவரில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. குறிப்பிட்டுத்தான் இருந்தார்கள், எறும்பு படிக்கும் அளவில். முக்கால் கிலோ இன்னும் ஃப்ரீசரில் கிடந்தது, கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன்கள் பிரெட்டில் போட்டுச் சுட்டுத் தின்றார்கள். அவர்களுக்கு ஒன்றும் குறை தெரியவில்லை.

அடுத்தது நல்ல மொசரெல்லா. சுத்தமான பால் சீஸ், விலையும் கூடுதல். முட்டையோடு அழகாகத்தான் உருகியது. அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும். மொசரெல்லா உருகினால் நூல் நூலாக இழுபடும், பீட்சா விளம்பரத்தில் காட்டுவார்களே, அது. பல் உள்ளவர்கள் கடித்து அறுத்துவிடுவோம். அப்பாவுக்கு அறுக்க எதுவும் இல்லை. பாதி தொண்டைக்குள் போய்விட்டது, பாதி வாயில், நடுவில் நூல். உள்ளே போனதை வெளியே இழுக்கவும் முடியவில்லை, வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை. முகம் சிவந்து இருமினார், கண்ணில் தண்ணீர். நான் தண்ணீர் கொடுக்கப் போனேன், நல்ல வேளை அவரே கையைத் தட்டிவிட்டார். இருமி இருமித் தானாக வெளியே வந்தது. பிறகு டாக்டரிடம் கேட்டபோது சொன்னார்: இருமுகிற வரை விட்டுவிட வேண்டும், இருமச் சொல்லி ஊக்கப்படுத்த வேண்டும், தண்ணீர் ஊற்றவோ விரலை விட்டுத் துழாவவோ கூடாது. இருமல் வராமல், பேச்சும் வராமல் போனால் ஆளை முன்னால் சாய்த்து ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையால் ஐந்து முறை வரை பலமாகத் தட்ட வேண்டும், உடனே 108-க்குச் சொல்ல வேண்டும். பல் எடுத்த அன்றே இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். மொசரெல்லா மட்டுமில்லை, இழுபடுகிற எந்தச் சீஸும் பல் இல்லாதவர் வாய்க்கு ஆகாது. அன்றைக்கு முழுக்க அப்பா கஞ்சி மட்டும்தான் குடித்தார், நான் அதுவும் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மலிவும் இல்லாமல் உயர்தரமும் இல்லாமல், பெட்டிக்கடை ஃபிரிட்ஜில்கூடக் கிடைக்கிற சாதாரணப் பிராசஸ்டு சீஸ் ஸ்லைஸ்தான் சரி என்று ஆனது. சமையல் தெரிந்தவர்கள் இதைக் கேவலமாகப் பேசுவார்கள். ஆனால் இந்த வேலைக்கு இதை அடிக்க ஆள் இல்லை. கவரில் எமல்சிஃபையர் என்று போட்டு 331, 339, 452 என்று ஏதாவது எண்கள் இருக்கும். 331 என்றால் சோடியம் சிட்ரேட் என்ற உப்பு, மற்றவையும் இதே மாதிரி உப்புகள்தான். சீஸில் உள்ள பால் புரதத்தைச் சுண்ணாம்புச் சத்துதான் ஒன்றோடொன்று கட்டிப்போட்டு வைத்திருக்கிறது, நூல் இழுபடுவதும் அதனால்தான். இந்த உப்புகள் அந்தக் கட்டைத் தளர்த்திவிடும். கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல், நூலும் வராமல், அப்படியே வழுவழுவென்று கரையும். 1911-இல் சுவிட்சர்லாந்தில் ரெண்டு பேர், சீஸ் நாள்பட நிற்க வேண்டும் என்று இந்த வழியைக் கண்டுபிடித்தார்களாம். அவர்களுக்கு அம்பாசமுத்திரத்தில் ஒரு பெரியவர் சார்பாக நன்றி. வாங்கும்போது பொருட்களின் பட்டியலில் முதலில் சீஸ் என்று இருக்கிறதா, தாவர எண்ணெய் இல்லையா என்று மட்டும் பாருங்கள். ஸ்லைஸ் வடிவில் இருக்கிற எல்லாமே சீஸ் இல்லை.

இனி செய்முறை. 1,600 ரூபாய்ச் சட்டி இதில் வராது. முட்டையை வெந்நீர் ஆவிமேல் வைத்துக் கிளறுவது பிரெஞ்சுச் சமையலில் பழைய முறை என்று படித்தேன். ஆவியில் வேகவைப்பது நமக்குப் புதிதா என்ன? இட்லிக் கொப்பரையில் முயன்றால் வாய் அகலம், கிண்ணம் உள்ளே போய்விடுகிறது. ஆகவே பால் காய்ச்சும் பாத்திரத்தில் ரெண்டு விரற்கடை தண்ணீர் வைத்துக் கொதி வந்ததும் சிம்மில் வையுங்கள். அதன் வாயில் சரியாக உட்காருகிற எவர்சில்வர் கிண்ணம் ஒன்று வேண்டும், கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடாமல் இருந்தால் நல்லது. 2 முட்டையை வெள்ளைக் கோடு தெரியாத அளவுக்கு முள்கரண்டியால் அடித்து, டீ வடிகட்டியில் வடித்துவிடுங்கள். வெள்ளைக்கருவில் கயிறு மாதிரி ஒன்று இருக்கும், பல் இல்லாத வாயில் அது தனியாகத் தட்டுப்படும். பால் ஒரு மேசைக்கரண்டி, வெண்ணெய் ஒரு சின்னக் கரண்டி சேர்த்துக் கிண்ணத்தில் ஊற்றி, மரக்கரண்டியோ சிலிகான் கரண்டியோ வைத்து அடியையும் ஓரத்தையும் வழித்துக்கொண்டே இருங்கள். முதல் நாலைந்து நிமிஷம் ஒன்றுமே நடக்காது. கேஸ் தீர்ந்துவிட்டதா என்றுகூடக் குனிந்து பார்ப்பீர்கள். தீயைக் கூட்டாதீர்கள். அப்புறம் ஓரத்தில் மெல்லிசாகத் திரள ஆரம்பிக்கும், அங்கிருந்து எல்லாம் வேகமாக நடக்கும். ஓரத்தை வழித்து நடுவுக்கு, நடுவை ஓரத்துக்கு. ஓடுகிற திரவம் மறைந்து, ஆனால் மினுமினுப்பு போகாத நிலையில் கிண்ணத்தைத் துணி வைத்துப் பிடித்து இறக்குங்கள். அடியில் ஆவி பட்டு ஈரமாக இருக்கும், துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் தட்டில் சொட்டி மறுபடி தண்ணீர் முட்டை. இறக்கிய பிறகுதான் சீஸ். ஸ்லைஸைச் சின்னதாகப் பிய்த்துப் போட்டுக் கிளறினால் முட்டையின் சூட்டிலேயே கரைந்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து வந்த சீஸ் குளிர்ந்திருப்பதால் முட்டை மேலும் வேகாமலும் நிறுத்திவிடும். கிண்ணத்திலேயே விட்டுவிடாமல் வேறு தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

வீடியோக்களில் பாதி திரவமாகவே ஓடும்போது இறக்குகிறார்கள். வயதானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும் அது வேண்டாம். முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு, 71 டிகிரி வரை சூடு ஏறினால் அது சாகும். ஆவி முறையில் பொறுமையாக, திரவம் எதுவும் ஓடாத வரை செய்தால் குழைவும் போகாது, பயமும் வேண்டாம். கீறல் விட்ட முட்டையை வாங்கவே வாங்காதீர்கள். நமக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் நாமக்கல் முட்டை, லாரியில் வந்து இறங்கி, வெயிலில் கடை வாசலில் அட்டையோடு அடுக்கி வைத்திருப்பார்கள். தண்ணீரில் போட்டால் மிதக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மிதந்தால் பழையது. நாட்டுக்கோழி முட்டை என்றால் அளவு சிறிது, 3 போட வேண்டியிருக்கும்.

வெதுவெதுப்பாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற நாட்களில் இன்னொரு சிக்கல். சீஸ் ஆறினால் கட்டிப்படும். சூட்டில் பட்டாக இருந்தது ஆறியதும் மொத்தையாகி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு, சீஸைப் பாதி ஸ்லைஸாகக் குறைத்து, பாலை இன்னொரு கரண்டி கூட்டினால் ஆறினாலும் குழைவு நிற்கிறது. வீடியோவில் போடுகிற கை நிறையச் சீஸ், சுடச்சுட, நல்ல பல்லோடு சாப்பிடுகிறவர்களுக்கு. அப்புறம் உப்பு. பிராசஸ்டு சீஸில் உப்பு தூக்கல், கடை வெண்ணெயிலும் உப்பு உண்டு. அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். ஆகவே நான் தனியாக உப்பே போடுவதில்லை, வெண்ணெயும் உப்பில்லாததாகப் பார்த்து வாங்குகிறேன். பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சீஸைச் சேர்ப்பது நல்லது, கவரில் சோடியம் அளவு போட்டிருக்கும். கறிவேப்பிலை, மல்லித்தழை எதுவும் தூவாதீர்கள். அலங்காரம் ஈற்றில் ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் அவரைப் படுத்தும்.

செலவை எழுதாமல் விட்டால் இது முழுமையாகாது. சட்டி, கிரீம், ஒரு கிலோ போலிக் கட்டி, மொசரெல்லா, வெண்ணெய், பஸ், வீணான முட்டைகள் என்று கூட்டினால் மூவாயிரத்துக்குப் பக்கம். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த வாரங்களில் அப்பாவின் உடம்பிலிருந்து போன சதை. இப்போது ஒரு காலைக்கு ரெண்டு முட்டை, ஒரு ஸ்லைஸ், கொஞ்சம் வெண்ணெய், பால் எல்லாம் சேர்த்து முப்பது நாற்பது ரூபாய்க்குள் முடிகிறது. ஸ்லைஸைச் சின்ன பாக்கெட்டாகத்தான் வாங்குகிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் பெரிய பாக்கெட் ஃபிரிட்ஜுக்குள் வியர்த்து, ஒன்றோடொன்று ஒட்டிப் போகும். ஃப்ரீசரில் வைத்தால் உதிரியாகி, கரையும்போது திப்பி திப்பியாக நிற்கும். பாளையங்கோட்டையிலிருந்து வெயிலில் பஸ்ஸில் கொண்டுவருவதானால் மீன் வாங்குகிற ஐஸ் டப்பா ஒன்றை எடுத்துப் போங்கள், கேலி செய்தால் செய்யட்டும்.

பல்செட் வந்த பிறகும் அப்பா இதை விடவில்லை. முதலில் இட்லியே போதும்ல என்றவர், இப்போது மனைவி வரும் ஞாயிறுகளில் அவளிடமும் கேட்கிறார். உள்ளியைத் தனியாக நெய்யில் நன்றாகக் குழைய வதக்கி, மிளகுப் பொடி ஒரு சிட்டிகை போட்டுக் கடைசியில் கலந்தால் நம் வாய்க்குச் சரியாக இருக்கிறது. பல்லாரி (பெரிய வெங்காயம்) போட்டால் தண்ணீர் விடுகிறது, அதைத் தவிர்த்துவிடுங்கள். வதக்காத உள்ளியை முட்டையோடு சேர்த்து ஆவியில் வைத்தால் முட்டை வெந்தாலும் அது வேகாது. அந்த நான்ஸ்டிக் சட்டியில் என் மனைவி ஊத்தப்பம் சுடுகிறாள், நன்றாக வருகிறது என்கிறாள்.